எட்டி நின்று பார்ப்பவர்கள்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இது அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம். டால்பின் ஆராய்ச்சி என்று சொல்கிறார்களே, அந்த வேலையில் இருப்பவர்கள் காலையில் எழுந்து போய் என்னதான் செய்கிறார்கள்?

பள்ளிப் பிள்ளைகளிடம் ‘பெரியவனானதும் என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்டால், டால்பின்களோடு வேலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லும் ஒரு பிள்ளையாவது இருக்கும். அந்தப் பிள்ளையின் மனத்தில் ஓடும் படம் நமக்கும் பழக்கமானதுதான். நீலத் தண்ணீர், நீச்சலுடை, பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு டால்பின், அதைத் தடவிக்கொடுக்கும் ஒரு கை. சினிமாவும் டால்பின் காட்சிகளும் நமக்குக் கொடுத்த படம் அது. டால்பினைத் தெரிந்துகொள்வது என்றால் அதனிடம் பழகுவது, பழகுவது என்றால் கிட்டே போய்த் தொடுவது என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிற தப்பெண்ணம் இது. இது எங்கே பிசகுகிறது என்று பார்க்க, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குப் போவோம்.

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, சரசோட்டா விரிகுடா இருக்கிறது. கடலுக்கும் விரிகுடாவுக்கும் நடுவில் நீளமான மணல் தீவுகள். உள்ளே ஆழம் குறைந்த தண்ணீர், அடியில் கடற்புல். சுற்றிலும் ஊர். வீட்டுக்கு வீடு படகு வைத்திருக்கும் ஊர். 1970-ல் அங்கிருந்த மோட் கடல் ஆய்வகத்தில் பிளேர் இர்வின் என்பவர் ஒரு எளிய கேள்வியோடு தொடங்கினார். இந்த விரிகுடாவில் தென்படும் டால்பின்கள் இங்கேயே குடியிருப்பவையா, வந்து போகிறவையா? அந்தக் காலத்தில் இதற்குப் பதில் தெரியாது. அவருக்கு உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் ராண்டல் வெல்ஸ். அப்போது உள்ளூர்ப் பள்ளி மாணவர். டால்பின்களைப் பிடித்து அடையாளத் தகடு மாட்டி விட்டார்கள். தகடு மாட்டியவை திரும்பத் திரும்ப அதே தண்ணீரிலேயே கண்ணில் பட்டன. அன்று தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. வெல்ஸ் அதிலேயே தன் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார். காட்டு டால்பின் கூட்டம் ஒன்றை உலகில் மிக நீண்ட காலமாகத் தொடர்ந்து கவனித்து வரும் ஆராய்ச்சி இதுதான். சுமார் 160 டால்பின்கள் ஆண்டு முழுக்க அங்கேயே வசிக்கின்றன.

இனி அவர்கள் வேலையின் நடுப்பகுதிக்கு வருவோம். தகடு மாட்டுவது சிரமம். மாட்டியது கழன்றும் போகும். ஆனால் படகில் போய் வரப் போக ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. டால்பின் மூச்சு வாங்க மேலே வரும்போது முதுகின் மேல் நிற்கும் துடுப்பு வெளியே தெரிகிறது அல்லவா, அதன் பின்விளிம்பு ஒன்றுக்கொன்று வேறாக இருந்தது. நம் கொல்லைப்புற வாழையிலையைப் பாருங்கள். விரியும்போது முழுசாக விரிகிறது. காற்று அடிக்க அடிக்க ஓரம் கிழிகிறது. ஒரே தாரில் தொங்கும் பழங்கள் ஒன்றுபோல இருக்கலாம், ஒரே மரத்து இலைகள் இரண்டு ஒரே மாதிரி கிழிவதில்லை. டால்பின் துடுப்பின் பின்விளிம்பும் மெல்லியது. இன்னொரு டால்பினின் பல், சுறா, மட்டி படிந்த பாறை, சில சமயம் படகு என்று ஏதோ ஒன்று அதில் வெட்டுப் போட்டுவிடும். அந்த வெட்டு ஆறினாலும் பழையபடி நிரம்புவதில்லை. வயது ஏற ஏற வெட்டுகள் கூடும். பழைய வெட்டுகள் அப்படியே இருக்கும்.

ஆகவே ஒரு நாள் வேலை இப்படி இருக்கும். சின்னப் படகு, மூன்று நான்கு பேர். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துடுப்பு தெரிந்ததும் படகின் வேகத்தைக் குறைத்து, டால்பின்களுக்கு இணையாக, அவற்றின் போக்கை மறிக்காமல் ஓட்டுவார்கள். கேமராக்காரருக்கு வேண்டியது முகம் அல்ல. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, துடுப்பு நேர் பக்கவாட்டில் தெரிகிற அந்த ஒரு நொடி. இன்னொருவர் தாளில் எழுதிக்கொண்டே வருவார்: நேரம், இடம், எத்தனை உருப்படி, குட்டிகள் எத்தனை, தண்ணீரின் ஆழம், வெப்பம், இரை தேடுகின்றனவா, பயணத்தில் இருக்கின்றனவா. எல்லாத் துடுப்பும் படத்தில் பதிவானதும் விலகிப் போய்விடுவார்கள். யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. யாரும் கையை நீட்டுவதில்லை.

கடலில் ஒரு மணி நேரம் என்றால் மேசையில் பல மணி நேரம். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நல்ல கோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய தொகுப்போடு ஒப்பிட வேண்டும். இந்த வெட்டு மேலிருந்து எத்தனையாவது? அதன் கீழே உள்ள பள்ளம் சதுரமா, சாய்வா? இப்போது மென்பொருள் சாத்தியமானவற்றை வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. ஆனாலும் ‘இது இன்னார்தான்’ என்று முடிவு சொல்வது மனிதக் கண். ஒருவர் சொன்னதை இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பார். டால்பின் ஆசையில் பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலான நேரம் செய்வது இதைத்தான். கேட்க அலுப்பாகத் தோன்றலாம். ஆனால் இந்த மேசையில்தான் ‘ஒரு டால்பின்’ என்பது மறைந்து, ‘இன்னாருடைய மகள், இன்ன வருஷம் பிறந்தவள்’ என்று ஆகிறது. எனக்கு இந்த வேலையில் ஆகப் பெரிய விஷயமாகப் படுவது அதுதான்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால் என்ன கிடைக்கும்? மேலிருந்து பார்த்து டால்பின் ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். ஆனால் ஒரு துடுப்புக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் ஒரே குட்டி ஒட்டிக்கொண்டு வந்தால் அது தாய். குட்டி மூன்று முதல் ஆறு ஆண்டு தாயோடு இருக்கும். பிறகு பிரிந்து இளசுகளோடு சுற்றும். ஆண்கள் வளர்ந்ததும் இன்னொரு ஆணோடு ஜோடி சேர்ந்து, பல சமயம் ஆயுள் முழுக்க அந்த ஜோடி பிரியாமல் திரியும். இவை எதுவும் ஓரிரு ஆண்டுகளில் தெரிய வருபவை அல்ல. நிக்லோ என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் டால்பின் 67 வயதில் அங்கே நீந்திக்கொண்டிருந்தாள். சரசோட்டா டால்பின்களின் இனத்தில் வயது தெரிந்தவற்றில் அவள்தான் மூத்தவள். வயதைப் பல்லிலிருந்து கணக்கிடுகிறார்கள். டால்பின் பல்லில் ஆண்டுக்கு ஓர் அடுக்கு படிகிறது.

இந்தக் குடும்ப வரலாறு கையில் இருந்ததால் வெளிப்பட்ட ஒரு செய்தியைச் சற்று நின்று பார்ப்போம். சரசோட்டாவில் பெண் டால்பின்களின் தலைச்சன் குட்டிகள் அடுத்தடுத்த குட்டிகளைவிட அதிகமாகச் செத்துப் போயின. தாய்க்கு அனுபவம் போதவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் இருந்தது. பிசிபி என்ற ரசாயனக் குடும்பம் ஒன்று உண்டு. மின்மாற்றிகளின் எண்ணெயில் சேர்த்து வந்தார்கள்; அமெரிக்காவில் 1979-ல் தடை செய்தார்கள். தடை செய்தாலும் அது எளிதில் சிதைவதில்லை. மண்ணிலும் நீரிலும் இருந்து மீனுக்குப் போய், மீனிலிருந்து டால்பினுக்குப் போய், தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் தங்கிவிடுகிறது. ஆண் டால்பினுக்கு அதை வெளியேற்ற வழியில்லை. வயதோடு சேர்ந்துகொண்டே போகிறது. பெண்ணுக்கு ஒரு வழி உண்டு. கொழுப்பு மிகுந்த தாய்ப்பால். அத்தனை ஆண்டும் தாயின் உடம்பில் சேர்ந்த விஷத்தில் பெரும்பகுதி முதல் குட்டிக்குப் பாலோடு போய்விடுகிறது. அடுத்த குட்டிகளுக்கு மிச்சம்தான். எது தலைச்சன், எது இரண்டாவது என்று தெரியாதவர்களுக்கு இது புலப்பட்டிருக்காது. இறந்த குட்டிகளின் எண்ணிக்கை மட்டும் தெரிந்திருக்கும்.

‘அப்படியானால் அவர்கள் தொடுவதே இல்லையா?’ என்று கேட்பீர்கள். தொடுகிறார்கள், அரசின் அனுமதியோடு, குறிப்பிட்ட நாட்களில். ஆழம் குறைந்த இடத்தில் ஒரு சிறு கூட்டத்தைச் சுற்றி நீண்ட வலையை வளைப்பார்கள். ஆட்கள் வலையைச் சுற்றி நிற்பார்கள், டால்பின் வலையில் சிக்கி மூச்சு முட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள. கால்நடை மருத்துவர்கள் எடை, ரத்தம், மூச்சு, நுரையீரல் ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். முடிந்ததும் விட்டுவிடுவார்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தபோது இந்தப் பதிவேடுகளுக்கு ஒரு புதுப் பயன் வந்தது. எண்ணெய் படிந்த லூசியானாவின் பாரடாரியா விரிகுடாவில் டால்பின்களைப் பரிசோதித்தார்கள். எண்ணெய் படாத இடத்து டால்பின் எப்படி இருக்கும் என்பதற்கு ஒப்பீடாக நின்றவை சரசோட்டா டால்பின்கள். பாரடாரியாவில் நடுத்தரம் முதல் கடுமையானது வரையான நுரையீரல் நோய்க்கு வாய்ப்பு ஐந்து மடங்கு என்று தெரிந்தது.

இந்தப் பரிசோதனை நேரத்தில் இன்னொன்றும் செய்வார்கள். டால்பினின் நெற்றியில் ஒரு ரப்பர் உறிஞ்சுகிண்ணத்தை வைப்பார்கள். அதற்குள் நீருக்கடியில் ஒலி வாங்கும் மைக். கூட்டத்திலிருந்து சற்றுப் பிரிந்த டால்பின் சீழ்க்கை அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சீழ்க்கை உண்டு. குட்டி பிறந்த சில மாதங்களிலேயே தனக்கென்று ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. இதை முதலில் சொன்னவர்கள் மெல்பா, டேவிட் கால்டுவெல் தம்பதி, 1965-ல். பிறகு லேலா சாயிக், பீட்டர் டையாக் முதலானவர்கள் சரசோட்டாவில் ஆண்டாண்டாகப் பதிவு செய்தார்கள். சீழ்க்கையிலிருந்து குரலின் தன்மையை நீக்கிவிட்டு, ஏற்ற இறக்கத்தை மட்டும் கணினியில் செய்து போட்டுக் காட்டினாலும், டால்பின்கள் உறவுக்காரரின் சீழ்க்கைக்குத் தலையைத் திருப்புகின்றன என்று 2006-ல் காட்டினார்கள். 2023-ல் வந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. 34 ஆண்டுப் பதிவுகளிலிருந்து 19 தாய்களை எடுத்து, குட்டி கூட இருக்கும்போதும் இல்லாதபோதும் அதே தாய் அடித்த சீழ்க்கையை ஒப்பிட்டார்கள். குட்டி பக்கத்தில் இருந்தால் தாய் தன் சீழ்க்கையை இன்னும் உச்சத்துக்கு ஏற்றுகிறாள். கைக்குழந்தையிடம் நம் வீட்டுப் பெண்கள் குரலை உயர்த்திக் கொஞ்சுவது நினைவுக்கு வருகிறதல்லவா?

இவ்வளவு தெரிந்துகொண்டவர்கள், அந்த விரிகுடாவின் டால்பின் எதற்கும் தின்ன ஒன்றும் கொடுத்ததில்லை. இப்போது நம் தப்பெண்ணத்துக்குத் திரும்புவோம். அதை மிகத் தெளிவாகக் காட்டும் டால்பின் ஒன்று சரசோட்டாவுக்குத் தெற்கே, வெனிஸ் ஊருக்குப் பக்கத்துக் குறுகிய நீர்வழியில் இருந்தது. படகு வந்தால் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து நிற்கும். இருபது ஆண்டுக்கு மேல் இப்படியே வாழ்ந்தது. பிச்சைக்காரன் என்று பொருள்படும் ‘பெக்கர்’ என்பதுதான் அதற்கு வழங்கிய பெயர். படகில் வந்தவர்கள் எல்லோரும் அதை நேசித்தார்கள், அதில் சந்தேகமில்லை. அந்த நேசத்தை ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் 100 மணி நேரம் தள்ளி நின்று எண்ணினார்கள். மனிதர்களுக்கும் அதற்கும் இடையே சுமார் 3,600 சந்திப்புகள். தீனி கொடுக்க 169 முயற்சிகள். கொடுத்தவற்றில் இறால், கணவாய் தவிர ஹாட் டாக், பழம், பீர் கூட உண்டு. தொட 121 முயற்சிகள். ஒன்பது பேர் கடி வாங்கினார்கள்.

2012 செப்டம்பரில் பெக்கர் செத்து மிதந்தது. உடலை அறுத்துப் பார்த்தபோது உடைந்த விலா எலும்புகள், படகு மோதிய பழைய காயங்கள், வயிற்றில் தூண்டில் முட்கள், தூண்டில் நரம்புத் துண்டுகள், கணவாயின் அலகுகள். சரசோட்டாப் பக்கத்து டால்பின்கள் வழக்கமாகக் கணவாய் தின்பதில்லை. அது யாரோ தூக்கிப் போட்ட தூண்டில் இரை. சாவுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் அந்த உடம்பில் இருந்த காயங்களில் பல படகுப் பக்கம்தான் கைகாட்டின. காட்டு டால்பினுக்குத் தீனி போடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். போட்டவர்களில் பலர் அதை இரக்கம் என்றே நினைத்துப் போட்டார்கள். அவர்களுக்கு அந்த டால்பின் சிரித்தது போலவே இருந்திருக்கும். டால்பினின் வாய்க்கோடு பிறவியிலேயே அப்படி வளைந்தது; வலியில் துடிக்கும்போதும் அது வளைந்தே இருக்கும்.

இன்னொரு டால்பினையும் பார்த்துவிடுவோம். ஸ்க்ராப்பி ஓர் இளம் ஆண். 2006-ல் வழக்கமான படகுச் சுற்றில் போனவர்கள் அவனை ஒரு விசித்திரக் கோலத்தில் கண்டார்கள். யாரோ விட்டெறிந்த ஆண்கள் நீச்சலுடை ஒன்றுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டிருந்தான். துணி பக்கத் துடுப்புகளின் அடியில் அறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. வளர வளர இன்னும் இறுகும். வலை போட்டுப் பிடித்து, துணியை வெட்டி எடுத்து விட்டார்கள். அவர்கள் ஒவ்வொரு மாதமும் துடுப்புகளைப் படம் எடுத்து வராமல் இருந்தால் அவனை அந்த நிலையில் பார்த்திருக்கவும் மாட்டார்கள், பிறகு அவன் தேறினானா என்று அதே துடுப்பைத் தேடிப் பார்த்திருக்கவும் முடியாது.

கடல் கல்வி என்று சொல்வது இங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம், அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கஷ்டம், ஞாயிற்றுக்கிழமை படகோடு வரும் பெரியவர்களிடம். அதனால் சரசோட்டாக்காரர்கள் தூண்டில்காரர்களுக்காக, தண்ணீரில் நனைந்தாலும் கெடாத அட்டை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அதில் இருப்பவை சின்னச் சின்னக் காரியங்கள். டால்பின் பக்கத்தில் வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அது போகும்வரை பொறுங்கள். மிச்ச இரையை அதற்கு வீசாதீர்கள். குறைந்தது 45 மீட்டர் தள்ளியே இருங்கள். அறுந்த நரம்பைத் தண்ணீரில் விடாதீர்கள். ஃபுளோரிடாவின் மீன்பிடிப் பாலங்களில் அந்த நரம்பைப் போடுவதற்கென்றே பிவிசி குழாயில் செய்த பெட்டிகள் மாட்டியிருக்கும்.

நரம்புக்கு ஏன் இத்தனை கவலை? டால்பினின் தொண்டை அமைப்பு அப்படி. மூச்சுக்குழலின் மேல்முனை உணவுக்குழலின் நடுவில் ஒரு சிறு கம்பம்போல எழும்பி நிற்கிறது. மீன் அதன் இருபுறமும் வழுக்கிக்கொண்டு போய்விடும். நரம்போடு சேர்ந்து விழுங்கினால் நரம்பு அந்தக் கம்பத்தைச் சுற்றிக்கொள்ளும். சரசோட்டாவில் டால்பின்கள் இப்படிச் செத்திருக்கின்றன. படகில் இரை திருடும் பழக்கம் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவவும் செய்கிறது. தாய் செய்வதைக் குட்டி கற்றுக்கொள்ளும். ஒரு படகில் இருந்து ஒருவர் வீசும் ஓர் இறால் அந்தக் குடும்பத்தில் எத்தனை தலைமுறைக்குப் போகும் என்பதை அவர்கள் பதிவேட்டில் பார்க்க முடிகிறது.

படகுகள் தொடாமல் போனாலும் சும்மா போவதில்லை. அந்த விரிகுடாவில் பகலில் சராசரியாக ஆறு நிமிடத்துக்கு ஒரு படகு ஒரு டால்பினின் 100 மீட்டருக்குள் கடந்து போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். படகு நெருங்க ஆரம்பிக்கும்போது டால்பின்கள் அதிகமாகச் சீழ்க்கை அடிக்கின்றன. இரைச்சலில் ஒன்றையொன்று தொலைத்துவிடாமல் இருக்க என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆராய்ச்சிப் படகும் அந்தக் கணக்கில் ஒரு படகுதான். அதனால்தான் படம் கிடைத்ததும் விலகுகிறார்கள்.

இனி, டால்பின் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அந்தப் பிள்ளை நம் வீட்டிலேயே இருந்தால் என்ன சொல்வது? ஆசையைத் தடுக்க வேண்டாம். ராண்டல் வெல்ஸ் பள்ளிக்கூடப் பையனாக அந்தப் படகில் ஏறியவர்தான். உயிரியலோடு புள்ளியியலையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் காகங்களையோ தெரு நாய்களையோ தனித்தனியாக அடையாளம் கண்டு, நாள் போட்டு, ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எது எதோடு சேர்ந்து வருகிறது, எது வரவில்லை, குட்டி எப்போது போட்டது என்று. அவற்றுக்குச் சோறு வைக்காமல் எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஆறு மாதம் கழித்தும் அந்த நோட்டு நின்றுபோகாமல் இருந்தால், சரசோட்டாவில் மேசை முன்னால் உட்கார்ந்து துடுப்புப் படங்களைப் புரட்டும் பிள்ளைகள் செய்யும் வேலையை அந்தப் பிள்ளை ஏற்கெனவே செய்ய ஆரம்பித்துவிட்டது.